சிவக்கும் தம்ளர்

பட்டை சிவந்துவிட்டது.

அவள் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சிவப்பேதான். சந்தேகமே இல்லை.

ஒரு வருஷ உழைப்பு அந்தத் தம்ளர். பார்க்கச் சாதாரணப் பிளாஸ்டிக். அடியில் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பட்டை. குடிக்கிற பொருளில் யாராவது தூக்க மருந்து கலந்திருந்தால் அது சிவக்கும். அவளே வரைந்து, அவளே ரசாயனம் தடவி, அவளே உலர்த்தியது. நாளைக் காலை சென்னையில் ஒரு கம்பெனியில் காட்ட வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் ரயில்.

உள்ளே இருந்தது மஞ்சள் பால்.

கொடுத்தது புருஷன்.

"தொண்டை கட்டியிருக்குல்ல, சூடா குடி" என்று வைத்துவிட்டுப் போனான். சமையல்கட்டில் கழுவின தம்ளர் இல்லை போலிருக்கிறது. மேஜை மேல் இருந்த மாதிரித் தம்ளர்களில் ஒன்றை எடுத்து ஊற்றியிருக்கிறான்.

நேற்று ராத்திரி வரைக்கும் சண்டை. சென்னைக்குப் போகாதே என்று ஒரே பிடிவாதம். இன்றைக்கு என்னடாவென்றால் பால் காய்ச்சித் தருகிறான்! கல்யாணமாகி நாலு வருஷத்தில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தவனா?

ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் அவனுடைய தூக்க மாத்திரை இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் போட்டுக்கொள்வான்.

அவள் டப்பாவைத் திறந்தாள். அட்டையில் பாதி காலி. முன்னால் எத்தனை இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சே. என்ன புத்தி இது.

கலந்தவன் போயும் போயும் இந்தத் தம்ளரிலா ஊற்றுவான்?

ஆனால் இது என்ன தம்ளர் என்று அவன் காதில் என்றைக்காவது ஏறியிருக்கிறதா? எத்தனை தடவை விளக்கினாள். ஒவ்வொரு தடவையும் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினான்.

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள்.

அப்போதுதான் உறைத்தது.

மஞ்சள்!

பட்டையில் தடவிய ரசாயனத்தில் சுண்ணாம்பு மாதிரி காரம் இருக்கிறது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆரத்தி கரைத்த யாருக்கும் தெரிந்த விஷயம். நாத்தனார் கல்யாணத்தில் அவளே தட்டு நிறையக் கரைத்தாள். ஜூஸ், கோலா, டீ, இளநீர் என்று எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்தவளுக்கு, சளி பிடித்தால் வீட்டில் குடிக்கிற பால் மட்டும் ஞாபகம் வரவில்லை. நல்ல விஞ்ஞானி.

பாலைக் காய்ச்சினாள். மஞ்சள் போட்டாள். இன்னொரு மாதிரித் தம்ளரில் ஊற்றினாள்.

சிவந்தது.

அப்பாடா.

ஒரு வருஷ உழைப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. அவளோ சந்தோஷத்தில் கண் கலங்கி நின்றாள். பிள்ளையாரப்பா, தப்பு என் தம்ளர் மேல்தான்.

இரண்டு தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே சிவப்பு.

பார்த்துக்கொண்டே இருந்தவள் அவன் கொடுத்ததை மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

இவளுடையது மஞ்சளால் சிவந்தது. சரி. அவன் கொடுத்தது?

மஞ்சள் மட்டும் இருந்தாலும் இதே சிவப்பு. மருந்தும் சேர்ந்திருந்தாலும் இதே சிவப்பு.

"அட, எனக்கும் சேத்துப் போட்டியா?"

அவன் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. கிட்டே இருந்த தம்ளரை எடுத்தான். அவன் கொடுத்த பால்தான் அது. அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால்? என்னவென்று சொல்வது?

அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

பாவி, நான்தான் பாவி என்று இருந்தது அவளுக்கு. மற்றதை எடுத்துக் குடித்தாள். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது.

"கிளம்பு வசு. ஸ்டேஷன்ல நானே விட்டுடறேன்."

வண்டிச் சாவியை எடுக்கும்போது கொட்டாவி விட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டபின் அவனுக்கு எப்போதும் வருகிற கொட்டாவி.

எப்போதும் வருகிறதுதானே?

"ஆட்டோல போயிக்கிறேங்க."

"சும்மா ஏறு."

ஏறினாள். பையை மடியில் அழுத்திக்கொண்டு, அவன் இடுப்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக வாய் ஓயாமல் பேசினாள். வெயில், ட்ராஃபிக், எதிர்வீட்டு நாய் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். அவன் "ம்" சொல்லாத இடத்தில் முதுகில் தட்டினாள்.

"என்னடி இது! கல்யாணமான புதுசுலகூட இப்படிப் புடிச்சதில்ல."

சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

மேம்பாலம் ஏறியது வண்டி. பக்கத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது.

"போகாதேன்னு சொன்னது தப்புதான் வசு" என்றான்.

குரல் குழறியது.

அழுகிறானா? தூக்கம் வருகிறதா? முகம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

"ஏன்?"

அப்போது சொல்ல முடியாததை இப்போது சொல்லியே ஆக வேண்டும்.