செலீன் அன்ரியின் மூச்சுமுட்டு

தனியே வாழும் முதியவர்களுக்கு எங்கள் சங்கம் கழுத்தில் மாட்ட ஒரு பட்டன் கொடுக்கிறது. அவசரத்துக்கு அதை அழுத்தினால் போதும். சங்கத்தின் வான் வண்டி போய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும்.

கொட்டாஞ்சேனை செலீன் அன்ரி அதைக் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் அழுத்தினார். சாரதி ரெனால்டைக் கேட்டால், "பாதி வழியில சுகமாயிடுது மிஸ்" என்பான்.

"இனி அவவைத் தனிய விடேலாது. முதியோர் இல்லத்துக்கு அனுப்புவம்" என்றார் தலைவர். நேரில் பார்த்துவர என்னை அனுப்பினார்.

அடுத்த அழைப்புக்கு நானும் வானில் ஏறினேன். அன்ரி கஞ்சி போட்ட சேலையும் பவுடருமாக வாசலில் நின்றார்.

"மூச்சு முட்டுது மகள்."

"இவ்வளவு வடிவா உடுத்திருக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு அழுக்காப் போகலாமே?"

நான் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரெனால்ட் மட்டும் அவசரமே இல்லாமல் ஆறுதலாக ஓட்டினான். கொச்சிக்கடையில் வான் சனத்துக்குள் மாட்டியது. அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுகமாயிட்டுது. கதவைத் திறவுங்கோ."

வெளியே அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை நவநாள் கூட்டம். அன்ரியின் கைப்பையிலிருந்து மெழுகுதிரிக் கட்டு வெளியே வந்தது.

"அன்ரி! உங்களை இல்லத்துக்கு அனுப்பப் பார்த்தம்!"

"ஏன்? சமைப்பன், உடுப்புத் தோய்ப்பன், மாடியும் ஏறுவன். கோயிலுக்கு வாற பஸ்ஸிலதான் ஏறேலாது."

இறங்கியவர் கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"பூசை முடிய எனக்குத் திரும்பவும் மூச்சு முட்டும் மகள். வானை நிழல்ல விடச் சொல்லுங்கோ."