எண்பதில் நிற்கும் முள்

வேலை முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் கண்ணாடித் தொட்டியின் முன் குனிகிறேன். உள்ளே ஈரப்பதம் காட்டும் மானியின் முள் எண்பதில் நிற்கிறது. நாங்கள் அதில் வளர்க்கும் சங்கு நண்டுக்கு அந்த அளவு ஈரம் வேண்டும். ஆனால் மூடி பாதி திறந்து கிடக்கிறது, சூட்டு விளக்கு மஞ்சளாய்க் காய்கிறது, மணலோ விரலில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்கிறது. "ஏங்க, தண்ணி தெளிச்சீங்களா இல்லையா?" சோபாவில் சாய்ந்திருக்கும் கணவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெளிச்சேனே. முள்ளு எறங்க எறங்க அந்த மானி மேலயே அடிச்சு விட்டேன். நீ அதைப் பாத்துத்தானே கத்துவ?" "மூடி ஏன் தெறந்திருக்கு?" "கண்ணாடி முழுக்க ஒரே ஆவி, உள்ள ஒண்ணும் தெரியல. தொடச்சுட்டுத் தெறந்து வெச்சேன். பாவம், அதுக்கும் காத்து வேணும்ல?" தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அது செவுளால் மூச்சு விடுகிற பிராணி, காற்று காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டும் என்று எத்தனை தடவை தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்! மூடியை இழுத்துச் சாத்தப் போன கை அப்படியே நிற்கிறது. நண்டு, சங்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மரக்கட்டை மேல் ஏறி மானியை எட்டிப் பிடித்திருக்கிறது. அதன் விளிம்பில் தொங்கும் ஒரே துளியைச் சின்னக் கொடுக்கால் தொட்டுத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகிறது.