சிவப்பு நூல் கட்டிய கிளை

சீனாவின் ஷாந்தோங் மலைச்சரிவில் வெயில் இன்னும் ஏறவில்லை. முற்றத்துச் சிற்றாப்பிள் மரத்தில் சாய்த்த ஏணிமேல் நின்று ஷூபின் மகரந்தத்துக்காக மொட்டு கிள்ளுகிறாள். விரியவிட்டால் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுபோய்விடும். தோப்பு ஆப்பிள் பூக்கள் காய்க்க, அவற்றில் தடவக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மரம் பூத்து அவள் பார்த்ததில்லை. "ஒரே ஒரு கிளையை விட்டுவையேன்" என்று வருஷா வருஷம் கேட்பாள். "பூவைப் பார்த்தா வயிறு நிறையுமா?" என்பான் புருஷன் லுவான். இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. இளஞ்சிவப்பு மொட்டுகள் கூடையில் மழை தூறுவதுபோல் விழுகின்றன. தேநீர்க் குவளையோடு வெளியே வரும் லுவான், அவளுடைய சமையலறை ஜன்னலுக்கு நேரே நீளும் கிளையைப் பார்த்து நிற்கிறான். அதில் ஒரு மொட்டும் இல்லை. நேற்று அவன் கட்டிய சிவப்பு நூல் மட்டும் காற்றில் ஆடுகிறது.

"இந்தக் கிளையையுமா கிள்ளிட்டே?"

"நீதானேய்யா நூல் கட்டியிருந்தே? இதை முதல்ல கிள்ளணும்னு அடையாளம் வச்சிருக்கியோன்னு நெனச்சேன். நல்ல கொழுத்த மொட்டு. விடிஞ்சதும் அதைத்தான் முடிச்சேன். ஏன், வேற எதுக்குக் கட்டினே?"

குவளையிலிருந்து ஆவி எழுகிறது. அவன் ஜன்னலைப் பார்க்கிறான், பிறகு நூலை.

"அதுக்குத்தான் கட்டினேன்" என்கிறான்.