முதல் கஸ்டமர்

ஆன்லைனில் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தும் சுடர்விழிக்கு எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. ‘கம்ப்யூட்டர் பிரச்சனையா? போனிலேயே சரிசெய்யலாம்’ என்று சீர்காழி பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டி மூன்று மாதம் ஆகிறது. இன்றுதான் முதல் அழைப்பு, ஏதோ புது நம்பரிலிருந்து.

"மேடம், கம்ப்யூட்டர் ஆன் ஆகலீங்க." சளி பிடித்த மாதிரி குரல்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கவலப்படாதீங்க சார். பிளக் சரியா மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்குங்க."

"லைட் எரியுதா? என்ன கலர்?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். "செவப்பு, மஞ்சா, நீலம். மூணும் எரியுதுங்க."

சுடர்விழி போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரை இன்னொரு முறை பார்த்தாள். அவள் படித்த எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படி மூன்று லைட் கிடையாது. அவள் வீட்டு வயலில், மோட்டார் கொட்டகையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் உண்டு.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க."

"அட, வந்துடுச்சுங்க! நாலு பேர்கிட்ட உங்க நம்பரச் சொல்றேங்க."

"ரொம்ப நன்றி சார்."

போனை வைக்கப் போனவள், தாங்க முடியாமல் சொன்னாள்:

"மோட்டார நிறுத்திட்டுச் சாப்பிட வாங்கப்பா."