தண்ணி படாத கார்

"வட்டம் வட்டமாத் துடைக்காத புள்ள, கீறு விழும். நேரா ஒரு இழுவை. பிறகு துணியில புதுப் பக்கத்தைத் திருப்பு," என்றான் சிறில்.

"நாலு வாளி தண்ணி ஊத்தினா முடியிற வேலை," என்று அவன் மனைவி பீற்றிஸ் முறைத்தாள்.

"வாவிக்கரைக் கிணத்துத் தண்ணி உப்பு புள்ள. காஞ்சா கார் முழுக்க வெள்ளைப் புள்ளி."

சிரித்துக்கொண்டே, தண்ணீருக்குப் பதிலாகக் காரில் அடித்துத் துடைக்கும் ஸ்ப்ரே வாங்க மோட்டார் சைக்கிளில் டவுனுக்குக் கிளம்பினான்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு, துடைத்த காரை எடுக்கத் தன்னாமுனையில் இருந்த அவர்களின் கார் துடைக்கும் கடைக்கு வாடிக்கையாளர் ஜெராட் வந்தார். வழக்கமாகச் சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறவர், இன்று நின்று பேசினார்.

"தங்கச்சி, புதுக் கார் எடுக்கிறன். கறுப்பு. அதையும் இங்கதான் கொண்டு வருவன். ஆனா சிறில் மட்டுந்தான் தொடவேணும். பொம்பிளையள் துடைச்சா கீறிப் போடுவாங்க."

"இந்தக் காரில கீறு இருக்கா சேர்?"

ஜெராட் குனிந்து நான்கு கதவுகளையும் பார்த்தார்.

"ஒண்டுமில்ல. அதுதான் சிறில்ட கை! எங்க ஆள்? கண்டு கன நாளாச்சு."

பீற்றிஸ் சாவியை நீட்டினாள்.

"அவர் அஞ்சு மாதத்துக்கு முந்தி, ஸ்ப்ரே வாங்கப் போன வழியில லொறி அடிச்சுச் செத்துப்போனார் சேர். அடக்கம் முடிஞ்ச அடுத்த கிழமையில இருந்து உங்கட காரைத் துடைக்கிறது நான்தான். நீங்க இண்டைக்குத்தான் கேட்டீங்க."

ஜெராட் சாவியை வாங்க மறந்து நின்றார்.

"அப்ப... புதுக் காரை எப்பம்மா கொண்டு வாறது?"

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டு வாங்க சேர். உங்களுக்கு எப்பவும் அந்த நேரந்தானே."