கருஞ்சிறுத்தையின் புத்திமதி

செத்துப்போனவன் மறுபடியும் எழுந்து வந்து, அதே பூதத்திடம் அடி வாங்கி, மறுபடியும் செத்துப்போனான்.

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். லுணுகலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

அந்தப் போன் விளையாட்டில் அவளுக்குப் பெயர் கருஞ்சிறுத்தை. லெவல் எழுபத்தொன்று. குழுவில் முப்பது பேர், எல்லோருக்கும் அவள் 'தலைவரே'தான். கனடாவில் இருக்கும் இன்ஜினியர் என்று எவனோ கதை கட்டிவிட்டிருந்தான். கொழுந்து எடுக்கிற பெண் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை. கணவன் விஜேந்திரனுக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுடுகிற வேலை அவன் தலையில் விழுந்தபோது தெரிந்துகொண்டான்.

செத்துச் செத்து எழும்புகிறவன் பெயர் பனிமலை. லெவல் ஒன்பது. சேர்ந்து மூன்று வாரம்.

நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்குடுக்கை. சின்னச் சின்ன வேலைகளை முடித்து மெல்ல மேலே வா என்றால், பூதத்தின் வாளுக்கு ஆசைப்பட்டு ஓடுவான். மூலிகை வெட்டப் போனால் ஒரே புல்வெளியை மொட்டையடிப்பான். வெட்டிய செடி மறுபடி முளைக்க நேரம் வேண்டாமா? குருத்தையும் கிள்ளிவிட்டு, மருந்து காய்ச்ச முடியவில்லை என்று வந்து அழுவான்.

வேறு நாளென்றால் பொறுமையாகச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் மனசு சரியில்லை.

புதிதாக வந்திருக்கும் உதவி மேனேஜர், சின்ன துரைதான் காரணம். ரிஷி என்று பெயர், பதுளை டவுனில் கடை வைத்திருக்கிறவர்களின் பிள்ளை, தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம். திங்கட்கிழமை எல்லோரும் ஆறாம் நம்பர் மலைக்கு என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டார். அங்கே கொழுந்து எடுத்தது வியாழக்கிழமைதான்.

"ஏழு நாளாவது போகணுங்க தொரை" என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி முருகையா தலையைச் சொறிந்தார்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று ஒரே போடு. அதுவும் தகப்பன் வயதுக்காரரிடம்.

போனால் என்ன ஆகும் என்று நாற்பது பெண்களுக்கும் தெரியும். கூடை நிறையாது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். இளங்குருத்தைப் பிய்த்துவிட்டால் அடுத்த முறைக்கும் அந்த மலையில் ஒன்றும் இருக்காது. ஆனால் துரையிடம் யார் போய்ச் சொல்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் பனிமலை எழுதினான்: 'தலைவரே, போன தடவ வெட்டுன எடத்துக்கே இப்பவும் போகட்டா? சீக்கிரமா லெவல் ஏறணும்.'

எரிச்சல் முழுவதும் விரலுக்கு வந்துவிட்டது.

'அறிவிருக்கா ஒனக்கு? நாலு நாள்ல போனா அங்க என்னா இருக்கும்? குருத்துதான் இருக்கும். அதையும் பிச்சிட்டா அப்பறம் ஒண்ணுமே வராது. ஏழு நாள் விடு. ஆறாம் நம்பர் மலைல கால வைக்காத. தெரியலன்னா தெரிஞ்ச ஆளுகிட்ட கேளு, கேட்டா ஒண்ணும் கொறஞ்சி போயிற மாட்ட.'

அனுப்பிய பிறகுதான் வாசித்துப் பார்த்தாள். விளையாட்டில் ஏது ஆறாம் நம்பர் மலை? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம், எந்த ஊர்ப் பிள்ளையோ, எங்கெங்கே போய்த் தேடப்போகிறதோ.

பனிமலை வெகுநேரம் புல்வெளியில் அசையாமல் நின்றான். பிறகு 'சரி தலைவரே' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

ஜீவராணிக்கு மனசு லேசானது. வீட்டுக்கு வந்து, ஆறிப்போன ரொட்டியை மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு மூன்று தின்றாள்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் சின்ன துரை தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு ஆறாம் நம்பர் மலை வேணாம். ஏழு நாள் ஆகட்டும். ஒம்பதாம் நம்பருக்குப் போகலாம். சரிதானுங்களே, கங்காணி?"

முருகையா திறந்த வாயை மூட மறந்து தலையாட்டினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஜீவராணியின் கை மட்டும் கூடைக் கயிற்றில் அப்படியே நின்றுவிட்டது. அறிவிருக்கா என்று நேற்றுக் கேட்டது யாரை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

துரை முதலில் முருகையாவின் சட்டைப்பையைப் பார்த்தார். அதிலிருந்தது பழைய பட்டன் போன். பிறகு வரிசையில் நின்ற பெண்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜீவராணி போனையே கண்ணால் பார்த்திராதவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

மலைக்குப் போவது ஒற்றையடிப் பாதை. அங்கே துரை நின்றால் பெண்கள் பக்கத்து வடிகால் கானுக்குள் இறங்கி ஒதுங்கிப் போவது தோட்டத்து வழக்கம். அன்றைக்கு அவர் இறங்கினார். காலிலிருந்த சப்பாத்தெல்லாம் சேறு. முன்னால் போன துஷாந்தினியிலிருந்து கடைசியில் மூச்சு வாங்கி வந்த நல்லம்மா வரைக்கும், நாற்பது பேருக்கும் "போங்க, பாத்துப் போங்க" என்று வழிவிட்டு நின்றார்.

ஜீவராணி நடுவில் வந்தாள். பக்கத்தில் வந்ததும், நான்தான் என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது.

சொன்னால், நாளையிலிருந்து அவளுக்கு மட்டும்தான் ஒதுங்குவார்.

வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.