கடைசிக் குப்பியில் எழுந்த கோடு

மாரியூர் கடற்கரையில் வாடகைக்குப் பிடித்த ஓட்டு வீட்டில், கடலாய்வாளர் சத்யப்பிரியா கணினித் திரையைப் பார்த்தபடி நிற்கிறாள். போன வருடம் தெற்கே ஆழ்கடலில் ஒரு வாயுவைக் கரைத்து விட்டிருந்தாள். நிறமும் மணமும் இல்லாத, கடலில் இயல்பாகக் கிடைக்காத வாயு. அடிநீரோட்டம் இந்தப் பக்கம்தான் வருகிறது என்ற அவளுடைய கணிப்பு சரியென்றால், இங்கே ஆழத்திலிருந்து எடுத்த நீரில் அது இருக்க வேண்டும். இதுவரை சோதித்த குப்பிகள் எதிலும் இல்லை. மிச்சமிருந்த ஒரு குப்பி நீரும் இப்போது சோதனைக் கருவிக்குள் போய்விட்டது. சன்னல் வழியே வரும் மாலை வெயில் காலிக் குப்பிகளில் மினுங்குகிறது. அபிராமத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த உக்கிரபாண்டி, எதன்மேலும் பட்டுவிடக் கூடாதென்று வெள்ளரிப்பிஞ்சுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாயு இல்லையென்று திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல எழும்புகிறது, கூம்பாகி இறங்குகிறது. அவள் கை தானாக வாயைப் பொத்துகிறது.

“அய்யா, வந்திருச்சு!” “என்ன தாயி வந்திருச்சு?” “நான் கரைச்சு விட்டதுய்யா. கடலுக்கு அடியிலேயே இம்புட்டுத் தூரம் வந்திருக்கு.” அவர் திரையைப் பார்க்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கிறார். கண்கள் நிறைந்திருக்க, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மனைவிக்குப் போன் போடுகிறார். “கனகலட்சுமி, நம்ம பிள்ளை கடல்ல விட்டது இங்கன வந்து சேந்திருச்சாம். என்னதுன்னு என்னையக் கேக்காத. ஊர்ல யாரும் கேட்டா, கண்டுபிடிச்சிருச்சுன்னு சொல்லு.”